லண்டன் கடிதம்
மழை விட்ட வெயிலில், ஆசிரியர் அறைச் சன்னலோரம் நின்று கணக்கு வாத்தியார் தேவசகாயம் கடிதம் படிக்கிறார். பினாங்குத் துறைமுகத்துக்குக் காலைக் கப்பலில் வந்தது. விரல்பட்ட இடமெல்லாம் வெண்கட்டித் தூள். மதராஸில் எம்.ஏ. முடித்து இங்கே வந்தவர், வகுப்பு முடிந்த மாலைகளில் ஆறு வருடம் தனியாக உழைத்து நிறுவிய தேற்றத்தை லண்டன் கணிதப் பத்திரிகை திருப்பி அனுப்பியிருக்கிறது. போன வருடமே ஒரு ஜெர்மானியர் அதை நிறுவி அச்சிட்டுவிட்டாராம். எட்டிப் பார்த்த டிராயிங் மாஸ்டர் வாசுவின் முகம் விழுந்துவிடுகிறது. “ஆறு வருஷமும் வீணாப் போச்சேண்ணே!” தேவசகாயம் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் நிதானமாகத் துடைக்கிறார். “என்ன வீண்? சரியா தப்பான்னு கேக்க இந்தத் தீவுல எனக்கு ஆள் ஏது? இப்ப ஜெர்மன்காரனே சரின்னு சொல்லிட்டான் லா!” வாசு திறந்த வாயை மூடுமுன், மணி அடிக்குமுன், கடிதத்தின் வெற்றுப் பின்பக்கத்தில் அந்தத் தேற்றம் எழுப்பும் அடுத்த கேள்வியை எழுதத் தொடங்கியிருக்கிறார்.