லினக்ஸுக்குள் கள்ளன்

"ஹாஜியார், கம்பியூட்டருக்குள்ள ஆரோ பூந்துட்டான்!" என்றான் கம்பியூட்டர் பார்க்கும் ஸப்ரான்.

தில்லையடி இறால் கொம்பனி வாசலில் லொறி காத்து நின்றது. பில் இல்லாமல் அது நகராது. இறாலுக்குப் போட்ட ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"இண்டைக்குத்தானே எல்லாத்தையும் புதிசாக்கினீங்க?" என்றார் முதலாளி அலியார் ஹாஜியார்.

"ஓம். லினக்ஸுல பழைய ஃபோல்டரையும் புதிய ஃபோல்டரையும் ஒண்டாக்கிட்டு, பில் அடிக்கிற புதுப் பேக்கேஜைப் போட்டேன். போட்டதைக் காணோம். திரும்பப் போட்டா, திரும்பவும் காணோம்!"

"ஆர் வேலை?"

"இவ்வளவு கெட்டிக்காரன் வெளிநாட்டானாத்தான் இருக்கணும்."

ஹாஜியார் உடனே பொலிஸுக்குப் போன் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஸப்ரானின் போனும் அடித்தது. வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக இதே கம்பியூட்டரில் பாதி வேலையைப் பார்க்கும் மனைவி பஸீனா.

"இஞ்ச பாருங்க, உள்ளுக்கு ஆரோ பூந்துட்டான்! பழைய ஃபோல்டரைத் துப்புரவாக்கச் சொன்னீங்களே, நான் அழிக்க அழிக்க அந்த பில் சாமானைத் திரும்பத் திரும்ப வெக்கிறான். நானும் விடல்ல!"

ஸப்ரானுக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் ஒன்றாக்கியபோது, பழைய ஃபோல்டரின் பெயரை மட்டுமே மிச்சம் வைத்திருந்தான். அதைத் திறந்தாலும் திறப்பது புதியதுதான்; அதில் அழித்தால் புதியதில்தான் அழியும். அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டான்.

"பஸீனா, கையை எடு புள்ள!" என்று கெஞ்சிவிட்டு மறுபடி போட்டான். பில் வந்தது. லொறி கிளம்பியது.

ஹாஜியார் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "பொலிஸ்ல கள்ளன்ட பேர் கேக்கிறாங்க. தெரியுமா?"

"தெரியும் ஹாஜியார். ரெண்டு பேர். ஒரே சட்டியில சோறு தின்னுறவங்க. போனை வைங்க."