கடிவாய்

கணுக்காலைக் குழாயடியில் நீட்டியபடி அவன் நின்றிருந்தான்.

சோப்பு நுரை கீறலின் மேல் வழிந்தது. கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வெறிநோய்க் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடுமாம்.

அவன் கவனமாகக் கழுவினான்.

அது நாய் கடித்த காயமே இல்லை. சவரியம்மாள் வீட்டு வேலியில் உடைமுள் கிழித்தது.

காலையில் அவளுடைய மகனுக்குச் சம்மன் கொடுக்கப் போயிருந்தான். செவலை நாய் ஒன்று வாலோடு உடம்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. பின்வாங்கியவன் வேலியில் மோதினான். லத்தியை வீசினான்.

முதல் அடி பயத்தில்.

இரண்டாவது அடி, தெருவில் யாரோ சிரித்ததற்காக.

அதற்குப் பிறகு நாயால் பின்னங்கால்களை ஊன்ற முடியவில்லை.

எதிர்க்கடைக்காரர் கைபேசியில் படமெடுத்துவிட்டார். மதியத்துக்குள் டி.எஸ்.பி. விளக்கம் கேட்டார்.

ஸ்டேஷன் ரைட்டர்தான் வழி சொன்னார். இப்படிப் பல விளக்கங்களை எழுதிப் பழகிய ஏட்டு. "கடிச்சிட்டுன்னு பெரியாஸ்பத்திரியில ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துருங்கய்யா. கடிச்ச நாய அடிச்சா யாரு கேக்கப்போறா?"

காயத்தைப் பார்த்தார் நர்ஸ். காக்கியைப் பார்த்தார். பல் தடம் எங்கே என்று கேட்கவில்லை.

நாய் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தால் பத்து நாள் அதைக் கவனிக்க வேண்டும். கிருமி மூளைக்கு ஏறிய பிறகுதான் எச்சிலுக்கு இறங்கும். எச்சிலுக்கு வந்துவிட்டால் நாய் பத்து நாள் தாங்காது. தாங்கிவிட்டால், கடிபட்டவருக்குப் பயமில்லை.

தெரியாது என்றான்.

"உசுரோடதான் இருக்கு."

வாசலில் சவரியம்மாள் நின்றிருந்தாள். சேலையெங்கும் செவலை ரோமம். புகார் கொடுக்கத்தான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். உன் நாய் அய்யாவைக் கடித்துவிட்டதே என்று ரைட்டர் சொல்லவும், நேராக இங்கே ஓடி வந்துவிட்டாள்.

அது யாரையும் கடித்ததில்லை என்றாள். தெருப் பிள்ளைகள் அதன் வாய்க்குள் கைவிட்டு விளையாடும் என்றாள். இன்றைக்கு என்ன வந்ததோ, மன்னிக்க வேண்டும் என்றாள்.

அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இடுப்பு முறிஞ்சு போச்சு, வலி தாங்காது, ஊசி போட்டு முடிச்சிரலாம்னு மாட்டு டாக்டர் சொன்னாரு. சரின்னுட்டுதான் வந்தேன். இப்ப போயி வேண்டாம்னு சொல்லிருதேன். பத்து நாளைக்கு எப்படியாவது அத உசுரோட வச்சிருக்கேன்யா. நீங்க பயப்படாதிய."

நர்ஸ் அவனை முக்காலியில் உட்காரச் சொன்னார். காக்கிச் சட்டையின் கை மேலேற மறுத்தது. சவரியம்மாள்தான் கிட்டே வந்து மடித்துவிட்டாள்.

பஞ்சு தோளில் குளிர்ந்தது.

"சிஸ்டர்," என்றான்.

ஊசி அந்தரத்தில் நின்றது. இரண்டு பெண்களும் அவனையே பார்த்தார்கள்.