வடக்குச் சுவர்

“இன்னும் எத்தனை பக்கம் மேடம் இருக்கு?”

“இருபத்தாறு சார்” என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மாள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

கேள்வி கேட்ட மேனேஜருக்குத் தலை சுற்றியது. கடலோரமாக ஒரு வீடு வாங்கலாம் என்று வந்த இந்த நாட்டில் இப்படியொரு சட்டம். கிரயப் பத்திரத்தை வாங்குபவரின் தாய்மொழியில் வரிவரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் “புரிந்தது” என்று சொன்னால்தான் அடுத்த பக்கம் திரும்பும். பத்திர அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் பொறுமையே உருவாக உட்கார்ந்திருந்தார்.

மேனேஜருக்குப் பொறுமை எப்போதோ தீர்ந்துவிட்டது. லிஃப்ட் கம்பெனியில் முப்பது வருடம் மேனேஜராகக் குப்பை கொட்டியவர். பட்டனை அழுத்தினால் மேலே போக வேண்டும் அவருக்கு. மனைவியோ பத்திரத்தைத் துருவிக்கொண்டிருந்தாள்.

“சாக்கடை அடைச்சுக்கிட்டா யார் பொறுப்புன்னு போட்டிருக்கா மேடம்?”

“ஏழாம் பக்கத்துலயே படிச்சேனேம்மா.”

“அதை இன்னொரு தடவை படிங்களேன்.”

“ஏம்மா, நீ வீடு வாங்க வந்தியா, வக்கீல் பரீட்சை எழுத வந்தியா?” என்று எரிந்து விழுந்தார் மேனேஜர்.

“வாங்கினப்புறம் முழிக்கக் கூடாதுல்ல?” என்றாள் அவள் நிதானமாக.

ஒரு வாரமாக இதே பாடுதான். பதினொரு வீடு பார்த்தாயிற்று. முதல் வீட்டில் உப்புக்காற்று அதிகம் என்றாள். அடுத்ததில் படிக்கட்டு செங்குத்து. ஒரு வீட்டில் கடல் நன்றாகத் தெரிகிறது, ஆனால் சமையலறையிலிருந்து தெரியவில்லை என்றாள். புரோக்கர் அந்த வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டாவது, ஓர் இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், தெற்குப் பாதி விற்பனைக்கு. வாசற்படி ஏறுவதற்கு முன்பே, “இதுதாங்க நம்ம வீடு” என்று சொல்லிவிட்டாள்.

“அந்தப் பாதியில யார் இருக்காங்கன்னு கேளு” என்றார் மேனேஜர். அவருக்கு அதுதான் முக்கியம்.

புரோக்கர் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். “யாரோ வயசான தம்பதியாம். தங்கமான மனுஷங்களாம்.”

மேனேஜருக்கு வேண்டியது கடல்கூட இல்லை, நிம்மதி. ஊரில் அவருடைய ஃப்ளாட்டுக்கு நேர் மேலே ஒரு மனிதர் இருந்தார். மேனேஜர் அவருக்கு வைத்த பெயர் ‘சுத்தியல்’. பகல் தூக்கத்துக்குக் கண்ணை மூடினால் போதும், மேலே டொக், டொக், டொக் என்று மூன்று அடி விழும். கொஞ்சம் இடைவெளி. பிறகு டொக் என்று இன்னும் ஒன்று. அலமாரி செய்கிறாராம், ஸ்டூல் செய்கிறாராம். மேனேஜரும் சும்மா விடவில்லை. ஒட்டடைக்கம்பை எடுத்துக் கூரையில் பதிலுக்கு இடிப்பார். பதினாலு வருடம் இந்தப் போர் நடந்தது.

இரண்டு மாதமாக மேல்வீடு பூட்டிக் கிடந்தது. மேல்வீட்டு அக்காவும் அவரும் மகன் வீட்டுக்குப் போயிருப்பதாக மனைவி சொன்னாள். அந்த ஆள் திரும்பி வருவதற்குள் தப்பித்துவிட வேண்டும் என்று ஃப்ளாட்டை வந்த விலைக்கு விற்று, சேமிப்பையெல்லாம் துடைத்தெடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். இனி திரும்பிப் போக அவருக்கு ஊரில் ஒரு திண்டு தலையணைகூடக் கிடையாது.

“முப்பத்தோராம் பக்கம். நான்கு எல்லை” என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மாள். “கிழக்கே கடற்கரைச் சாலை. தெற்கே பொதுப் பாதை. மேற்கே தென்னந்தோப்பு. வடக்கே பொதுச் சுவர், அச்சுவருக்கு அப்பால் உள்ள வீட்டின் உரிமையாளர்...”

“புரிஞ்சுது, புரிஞ்சுது!” என்றாள் மனைவி.

மேனேஜர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

“நேர்ல பார்த்த எல்லைதானே மேடம். பாவம், காலையிலேர்ந்து படிச்சு உங்களுக்கும் தொண்டை வறண்டு போச்சு” என்றாள் அவள்.

“சார், நீங்களும் சொல்லணும்.”

“எனக்கும் புரிஞ்சுது! நல்லாவே புரிஞ்சுது!” என்றார் மேனேஜர். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் மனைவி மேல் அவருக்கு இவ்வளவு அன்பு பொங்கியதே இல்லை. மீதிப் பக்கங்கள் மளமளவென்று ஓடின. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

சாவி கைக்கு வந்ததும் நேரே வீட்டுக்குப் போய், பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். எதிரே கடல் சாதுவாகக் கிடந்தது. பதினாலு வருடத்துக்குப் பிறகு, ‘சுத்தியல்’ திரும்பி வருவாரோ என்ற பயமில்லாமல் ஒரு பகல் தூக்கம். “அப்பாடா” என்று கண்ணை மூடினார்.

டொக், டொக், டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

மேனேஜர் துள்ளி எழுந்தார். சத்தம் வடக்குச் சுவரிலிருந்து வந்தது. அவர் மனைவி ஏற்கெனவே பால்கனியின் குட்டைச் சுவர் மேல் சாய்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! கையெழுத்து ஆயிடுச்சு! கடைசி வரைக்கும் பக்கத்துல பக்கத்துலதான் இருப்போம்னு சொன்னேன்ல?”

அடுத்த பால்கனியின் கதவு திறந்தது. கையில் சுத்தியலோடு வெளியே வந்தவர் மேனேஜரைப் பார்த்ததும் பேயடித்ததுபோல் நின்றார். பிறகு உள்ளே திரும்பி அலறினார்.

“அடியே! இந்த ஆளோட ஒட்டடைக்கம்பு தாங்காமத்தானேடி நான் நாடு விட்டு நாடே வந்தேன்!”