விசாரிக்க வந்த அம்மா

“எங்க வீட்டுக்காரர் தினம் குடிச்சிட்டு வந்து என்னை அடிப்பாருன்னு சொல்லிடு, எல்லம்மா” என்றாள் தாட்சாயிணி.

எல்லம்மா இஸ்திரிப் பெட்டியை அப்படியே துணி மேல் வைத்துவிட்டாள். நல்லவேளை, அது தடித்த ஜீன்ஸ். தாட்சாயிணியின் கணவன் அருள் டீயைத் தவிர வேறெதையும் குடித்து அந்தக் கோவில்பதாகை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

“இன்னாம்மா பேசற நீ? தங்கமான மனுசன். என் நாக்கு அழுகிடும்.”

தாட்சாயிணி விஷயத்தைச் சொன்னாள். அருளின் அம்மா அமெரிக்காவில் நர்ஸாக இருந்தபோது பிறந்தவன் அவன். அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவன், போன வருடம் அந்த நாட்டு மத்திய அரசின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிப் போட்டான். எங்கே குண்டு வெடிக்கிறதோ அங்கே போய்த் தூதரகத்துக்குக் காவல் இருக்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு நாடு, பாதி நாடுகளுக்கு மனைவியைக் கூட்டிப்போக முடியாது.

எல்லாப் பரீட்சையும் தேறிவிட்டான். இனி ஆள் வந்து அக்கம்பக்கத்தில் அவன் ஒழுக்கத்தை விசாரிப்பார்கள், அது ஒன்றுதான் பாக்கி என்று அவனே சொல்லியிருந்தான். போவதா வேண்டாமா என்றுதான் ஒரு மாதமாக மதில்மேல் பூனையாக இருந்தான். ராத்திரி தூங்குவதில்லை.

“போவாதன்னு நீயே ஒரு வார்த்த சொல்ட்டா முடிஞ்சிது” என்றாள் எல்லம்மா.

சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிந்துவைத்து மூன்று வருடம். இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனதில், அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். போதாததற்கு ஒருநாள் சண்டையில் அருள், ‘இங்க எனக்குன்னு என்ன இருக்கு?’ என்று கேட்டுவிட்டான். அன்றைக்கே மன்னிப்பும் கேட்டான். ஆனாலும் அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. என்ன உரிமையில் போகாதே என்பது?

அந்தத் தெருவில் பெண்ணையோ மாப்பிள்ளையையோ பற்றி விசாரிக்க வருகிறவர்கள் நேராக எல்லம்மாவின் இஸ்திரி வண்டிக்குத்தான் வருவார்கள். எந்த வீட்டுச் சட்டையில் என்ன கறை என்று தெரிந்தவள் அவள். அவள் வாயால் கூடிய கல்யாணங்களும் உண்டு, நின்றவையும் உண்டு.

கடைசியில் தாட்சாயிணியின் கண்ணீர் ஜெயித்தது. “உனுக்காகத்தான்” என்று எல்லம்மா பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டாள்.

அடுத்த மூன்று நாளும் தாட்சாயிணியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள், பால் பொங்கி வழியும். வாசலில் எந்த வண்டி நின்றாலும் திரையை விலக்கிப் பார்ப்பாள்.

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். இஸ்திரி வண்டியருகே கால் மணி நேரம் நின்று எழுதிக்கொண்டே இருந்தாள். தாட்சாயிணி ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டியதும் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

குடிப்பாரா, கோபக்காரரா, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை உண்டா என்றெல்லாம் கேட்டாளாம். எல்லம்மா ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்லியிருந்தாள். அருள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதாகக்கூட ஒரு கதை.

“அந்தம்மா மூஞ்சே சுருங்கிப்பூட்ச்சு. அப்பால உங்க ஊட்டுச் சுவராண்ட போய் எட்டிப் பாத்துட்டு, கெணத்துக்கு மூடி இல்லியான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். அதியும் எழுதிகினு கெளம்பிட்ச்சு.”

அமெரிக்காக்காரர்கள் கிணற்றைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று தாட்சாயிணி சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. எட்டு வருடத்தில் ஒருநாள்கூடக் கை ஓங்காதவனை ஊரறியக் குடிகாரனாக்கிவிட்டாள். வெட்கமாக இருந்தது, போகமாட்டான் என்ற நிம்மதியும் இருந்தது. அவனுக்குப் பிடித்த எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு மினி வேன் நின்றது. அருளும் டிரைவருமாகப் பெரிய வட்டமான ஒரு கம்பி மூடியை இறக்கி, கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். வேன் போனதும் அருள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஒரு மாதமாகக் காணாத தெளிவு அவன் முகத்தில் இருந்தது.

“அந்த வேலை வேணாம்னு போன வாரமே எழுதிப் போட்டுட்டேன், தாச்சு. நீ ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லுவியான்னு பார்த்தேன். சொல்லலை. சரி, நீ சொல்லாட்டி என்ன, நானே இருந்துட்டுப் போறேன்.”

தாட்சாயிணி அழுதேவிட்டாள். இத்தனை கூத்தும் வீண் என்று நினைக்க அழுகையோடு சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிச் சேர்ந்து சிரிக்கலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ காலைல ஒரு அம்மா எல்லம்மாகிட்ட உங்களைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாங்களே, அது சும்மாதானா?”

அருள் திரும்பிக் கிணற்றைப் பார்த்தான்.

“அதுக்குள்ள வந்துட்டாங்களா? நாளைக்குத்தான் வருவாங்கன்னு நெனச்சேனே. கிணறு தொறந்து கெடந்தா பாப்பாவை எப்படித் தருவாங்க?”