நான்காவது துரோகம்

முதல் துரோகம் கோயில் தர்மகர்த்தா செய்தது. தோட்டத்துக் கூலிகளின் நிலையைப் பார்த்துவர மூட்டைத் தொழிலாளர் சங்கம் அனுப்பியவர், காப்பித் தோட்டக் கம்பெனியின் செலவிலேயே கப்பலேறித் தீவுக்குப் போனார். "கூலிகளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை" என்று திரும்பி வந்து சொன்னார். கோயிலுக்குப் புது மணி வந்தது.

இரண்டாவது, ரங்கூன் கியாக்டடா பேட்டை வக்கீல் செய்தது. அவரும் போனார், பார்த்தார், "எல்லாம் சட்டப்படி சரி" என்றார்.

மூன்றாவதைத்தான் செல்லக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. மூட்டைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பழனியப்பனே போய்விட்டு வந்து, "தோட்டமா அது? சொர்க்கம்!" என்றார். கூடவே ஒரு டின் காப்பித்தூளும் கொண்டுவந்தார்.

நான்காவது, இன்று காலை, ரங்கூன் துறைமுகத்தில், செல்லக்கண்ணுவின் கண்ணெதிரிலேயே நடந்துகொண்டிருந்தது.

சங்கத்தின் காரியதரிசியான அவர், கூலிகளைக் கப்பலேற்றும் தகரக் கொட்டகைக்கு ஓடி வந்தது காளியம்மாவைத் தேடி. மூட்டை சரிந்து புருஷன் மாரிச்சாமி இடுப்பொடிந்து விழுந்த அன்று, வைத்தியச் செலவுக்காக ஆள்பிடிக்கிற மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, தீவுக்குப் போகக் கைநாட்டு வைத்துவிட்டாள் அவள். இன்று கப்பல். "பிள்ளையை இங்கேயே விட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டான் மேஸ்திரி. பிள்ளையோ இன்னும் பால் மறக்காதது.

செல்லக்கண்ணு மனுப் போட்டார். நோட்டீஸ் அடித்தார். கூட்டம் போட்டு முழங்கினார். கப்பல் மட்டும் நிற்கவில்லை.

கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காளியம்மாவைக் காணோம். வரிசையின் கடைசியில், கம்பெனி கொடுத்த கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வேலம்மா! துறைமுக வாசலில் ஆப்பம் சுட்டு விற்பவள். "தீவுக்குப் போகாதே!" என்று சங்கக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்துபவள்.

"அடிப் பாவி! நீயுமா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. கம்பளி பயந்துக்கப் போவுது."

"காளியம்மா எங்கே? உள்ளே அடைச்சு வெச்சிருக்கானா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என் சோலியைப் பார்க்க வந்தேன்."

"புள்ளக்காரி ஒருத்தி தவிக்கிறா. அதே கப்பல்ல நீயா வலிய வந்து ஏறுறியே, வெக்கமாயில்லே?"

"வெக்கமா? தலைவர் கொண்டாந்த தீவுக் காப்பியை ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சீங்களே, அப்ப எங்கண்ணே போயிருந்துச்சு அது?"

வரிசை சிரித்தது. செல்லக்கண்ணுவுக்குக் காது சுட்டது.

"அது... ருசி பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தீங்க. நீங்க அனுப்பின மூணு பேரும் பங்களாவைப் பார்த்துட்டு வந்தாங்க. நான் தோட்டத்தைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"நீ சொன்னா எவன் நம்புவான்? இன்னிக்கே உன் பேரைச் சங்கத்திலேருந்து அடிச்சிடுவேன்!"

"அடிச்சுக்கோங்க. எனக்கு நேரமாச்சு."

கப்பல் சங்கு ஊதியது. மேஸ்திரி அவசர அவசரமாகத் தலைகளை எண்ணிக்கொண்டு போனான். முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. தலை குறையாமல் இருந்தால் போதும்.

வேலம்மா எழுந்துபோய் மேசைமீது கட்டைவிரலை அழுத்தினாள். பதிவு குமாஸ்தா வங்காளத்துக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார், படிக்க வராது.

"ஆளைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரைச் சத்தமாப் படிக்கணும். இந்த ஆள்தான்னு சொல்லணும். சாட்சிக்காரங்க கேக்கணும். யார் இருக்கீங்க?"

"இதோ நிக்கிறாரே, சங்கத்துக் காரியதரிசி" என்றாள் வேலம்மா. "பொய் பேசாத மனுஷன். அவரே படிக்கட்டும்."

என்ன நெஞ்சழுத்தம்! துரோகியின் பேரை ஊரறியப் படிக்கிற வாய்ப்பை விடுவாரா செல்லக்கண்ணு? பாய்ந்து வந்து காகிதத்தைப் பறித்தார். கண்ணாடியை மாட்டினார். வாயைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, எழுத்துத் தெரியலையா?" என்றார் குமாஸ்தா.

வேலம்மா செல்லக்கண்ணுவைப் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செல்லக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு சாட்சிகளுக்கும் நன்றாகக் கேட்கும்படி, மேடையில் பேசுகிற குரலிலேயே படித்தார்:

"ஆள் இவள்தான். மாரிச்சாமி பெண்சாதி காளியம்மா."