பல்லில் கடித்த பறி

‘டிசம்பர் 14. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தேசம்மாவுக்குக் கையுறை மாட்டிவிட்டேன், வாயைப் பார்க்கவில்லை.’ மாலைக் கல்லூரியின் கடைசி பெஞ்சில் இதை எழுதிய சாருலதா, ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள்.

கழிமுகத்தில் எண்ணெய் பரவியதிலிருந்து, அதை அள்ள வருகிறவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் மாட்டிச் சரிபார்ப்பது அவள் ஏற்றுக்கொண்ட வேலை. தேசம்மா அந்தச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தே பிழைத்தவள். இரண்டு கைகளும் நீருக்குள் இருக்கும் என்பதால், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வாள். இன்று காலை எண்ணெயை அள்ளும்போதும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பறியைக் கடித்திருந்தாள். அதன் விளிம்பெல்லாம் கறுப்பு.

“அக்கா, துப்புங்க! அது விஷம்!”

“கையிலதான படக்கூடாதுன்ன, பாப்பா? வாயப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.” தேசம்மா சிரித்தாள். பற்கள் கறுத்திருந்தன.

சாருலதா நல்ல தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்க வைத்தாள். முகாம் மருத்துவரிடம் போகலாம் என்று அழைத்தாள், தேசம்மா இடத்தை விட்டு அசையவில்லை.

“இறாலே இல்லாதப்ப பறி எதுக்குக்கா?”

“அது இல்லாம எறங்கினா கால் தண்ணிக்குள்ள போவ மாட்டேங்குது.”

“நாளைக்கு இடுப்புல கட்டி விடறேன்.”

“கட்டு. கட்டிட்டு, உள்ள என்னாத்தப் போடறதுன்னும் நீயே சொல்லு.”

வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் சாருலதா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: ‘நாளை காலை: பறிக்கு இடுப்புக் கயிறு, இரண்டு முழம்.’