ஐந்து உடுப்பு

கட்டில் முழுக்க உடுப்புகளைப் பரப்பிவிட்டு, இராசமலர் அறைக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். குடும்பப் படம் பிடிக்க வந்தவர் கமராவோடு காத்திருந்தார். வருடந்தோறும் திருவிழாவுக்கு வந்துபோய், இம்முறை மகள் மதுராவைக் கலியாணம் கட்டிய மருமகன் ஜெயதீபன் நாளை கனடா திரும்புகிறான்.

"மதுரா, முதல் பச்சைச் சீலை. பிறகு அந்த மஞ்சள் பஞ்சாபி. மருமகன் தம்பி, நீங்களும் சட்டை மாத்த வேணும்."

"எனக்கும் அஞ்சு உடுப்போ?" என்றார் கணவர் சோமசேகரம்.

"ஓம். முதல் ரெண்டு படத்துக்கும் நரைச்ச மீசையோடை நில்லுங்கோ. பிறகு மை பூசலாம்."

முதல் படம் எடுத்து எல்லாரும் உடுப்பு மாற்றியதும் அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றினாள்.

"இனிப் போன வருசத் திருவிழா. மதுரா, தாலிக்கொடியைச் சட்டைக்குள்ளை விடு."

மதுரா அசையவில்லை.

"கெதியா, பிள்ளை. கலியாணத்துக்கு முந்தியே நீங்கள் பழகினதுக்கு ஆதாரமா விசாக்காரர் படம் கேட்கினமெல்லோ."

"அஞ்சு வருசப் படமும் என்ரை போனிலை இருந்ததம்மா," என்றாள் மதுரா. "இவரோடை நிக்கிற படத்தைக் கண்டிட்டு, நீங்கள்தானே அந்தப் போனைப் பறிச்சுக் கிணத்துக்கை எறிஞ்சனீங்கள்."